பந்தயமும் பயிற்சி ஊக்கமும்: ஓட்டக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு பந்தயத்திற்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவருக்கு அதிகாலை நான்கரை மணிக்கு எழுவது எளிதாகிவிடுகிறது. அந்தப் பந்தயம் முடிந்த பிறகு அதே மனிதருக்கு ஆறு மணிக்கு எழுவதும் பாரமாகிவிடுகிறது. புதியவர்களுடன் பல பருவங்கள் ஓடியதில் நான் கண்டுகொண்டது இதுதான்: பந்தயத்தை எப்போது தேர்ந்தெடுத்தோம், அதற்கு என்ன இலக்கு வைத்தோம், முடிந்த பின் வரும் வாரங்களுக்கு என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தோம் என்ற மூன்றையும் பொறுத்தே ஊக்கம் வளர்கிறது அல்லது வற்றுகிறது.

இந்த வழிகாட்டி, வேலைக்கும் குடும்பத்திற்கும் நடுவே ஓடுகின்ற, 10 கிலோமீட்டர் முதல் முழு மாரத்தான் (42.2 கிலோமீட்டர்) வரை எண்ணுகின்ற ஒருவருக்கானது. சென்னையிலோ மும்பையிலோ ஜனவரியில் ஓடத் திட்டமிடும் தமிழ்நாட்டு ஓட்டக்காரரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். படிகளின் வரிசை முக்கியமானது. பின்னால் வரும் படி ஒவ்வொன்றும் முன்னால் முடித்ததைச் சார்ந்திருக்கிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு நாளும் மூன்றை மட்டும் எழுதுங்கள்: எவ்வளவு தூரம் ஓடினீர்கள், எவ்வளவு கடினமாக இருந்தது, புறப்படுவதற்கு முன் ஓட வேண்டும் என்ற விருப்பம் ஐந்துக்கு எத்தனை இருந்தது. மூன்றாவது குறிப்பை வாசலில் காலணியைக் கட்டும்போதே எழுதிவிட வேண்டும். ஓடி முடித்தபின் ஏறக்குறைய எல்லோருக்கும் மனம் தெளிவாகிவிடுவதால், அப்போது போடும் மதிப்பெண் உண்மையைக் காட்டாது. கைக்கடிகாரமும், ஓட்டங்களைப் பதிந்து நண்பர்களுடன் பகிரும் ஸ்ட்ராவா செயலியும் தூரத்தையும் வேகத்தையும் தாமே பதிந்துகொள்கின்றன. விருப்பம் குறைந்து வருவதை அவற்றால் பதிய முடியாது. இந்த வழிகாட்டி முழுவதற்கும் அந்தக் குறிப்புதான் ஆதாரம்.

இரண்டாவது, அலுவலகத்தின் நெருக்கடி மாதங்கள், பிள்ளைகளின் தேர்வுகள், வீட்டு விசேஷங்கள், தீபாவளி, பொங்கல் எல்லாம் குறித்த நாள்காட்டி. மூன்றாவது, வீட்டாரின் சம்மதம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேரம் வீட்டில் இல்லாமல் இருக்கப் போகிறவர் அதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், பயிற்சியின் பாதியில் வரும் மனக்கசப்பு எந்த மலையேற்றத்தையும் விடக் கடினமாக இருக்கும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ குடும்பத்தில் இதய நோயோ உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

2. பந்தயம் எதுவும் இல்லாமல் எட்டு வாரம் ஓடுங்கள்

வாரத்திற்கு நான்கு நாட்கள், பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகத்தில், எட்டு வாரம் ஓடுங்கள். இந்தக் காலத்தில் எந்தப் பந்தயத்திற்கும் பதிவு செய்ய வேண்டாம்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்புகளும் பழகப் பல மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்ற தெம்பில் தூரத்தைக் கூட்டுகிறவருக்கு முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் பிறகுதான் பதில் சொல்கின்றன. இரண்டாவது காரணம் ஊக்கத்தைப் பற்றியது. பந்தயத்தின் தூண்டுதல் இல்லாதபோது உங்கள் விருப்பத்தின் இயல்பான அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தான், பந்தயம் அதைக் கூட்டியதா குறைத்ததா என்று பின்னர் சொல்ல முடியும்.

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். "பதிவு செய்துவிட்டால் ஓடித்தானே ஆக வேண்டும்" என்று சொல்லி, ஓடத் தொடங்குவதற்கே பந்தயத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். 5 கிலோமீட்டருக்கு இது பெரும்பாலும் தீங்கு செய்யாது. அரை மாரத்தானுக்கும் (21.1 கிலோமீட்டர்) முழு மாரத்தானுக்கும் இப்படிப் பதிவு செய்தால், ஓடத் தூண்டுவது ஆசையாக இல்லாமல் அச்சமாகிவிடுகிறது. அச்சம் முதல் சில வாரங்களில் தூரத்தை இரட்டிப்பாக்க வைக்கிறது. பிறகு வலி வருகிறது. வலி வந்த பின் நாள்காட்டியைப் பார்க்கவே மனம் கூசுகிறது.

3. பந்தய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேர்ந்தெடுங்கள்

இந்த எட்டு வார அடித்தளம் உள்ளவருக்கு 10 கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாரமும், அரை மாரத்தானுக்கு 12 வாரமும், முழு மாரத்தானுக்கு 16 முதல் 20 வாரமும் தேவை. சென்னை மாரத்தான் ஜனவரியின் தொடக்கத்திலும் மும்பை மாரத்தான் அதே மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையையொட்டியும் நடக்கின்றன. அங்கிருந்து 16 வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் வந்துவிடும்.

இந்தக் கணக்கை நாள்காட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். பயிற்சியின் முதல் பாதியில் தீபாவளி வருகிறது. 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீண்ட ஓட்டங்கள் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில் விழுகின்றன. மார்கழி பிறந்த பின் கிடைக்கும் குளிர்ந்த காலைகள் ஆண்டிலேயே ஓட்டத்திற்கு மிகச் சிறந்தவை. ஆனால் அப்போது திட்டப்படி தூரத்தைக் குறைக்கத் தொடங்கியிருப்பீர்கள். சென்னைப் பந்தயம் முடிந்த கையோடு பொங்கல் விடுமுறை வந்துவிடுகிறது. ஜனவரியில் சிறப்பாக ஓடிய பலர் பிப்ரவரி நடுவரை காணாமல் போவதில் இந்த அமைப்புக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. முன்பே தெரிந்திருந்தால் அதற்கு ஏற்பாடு செய்யலாம்.

ஆண்டுக்கு இரண்டு முக்கியப் பந்தயங்களுக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு பந்தயத்தின் மேல் கவனம் குவிவதற்கும், முடிந்த பின் அது தணிவதற்கும் காலம் வேண்டும். மாதம் ஒரு பந்தயம் ஓடுகிறவருக்குப் பயிற்சி செய்ய வாரங்களே மிஞ்சுவதில்லை. ஒரு வாரம் தயாராவதிலும் இன்னொரு வாரம் ஓய்வெடுப்பதிலும் கழிந்துவிடும். ஆறு மாதம் இப்படிப் போனால் நேரம் முன்னேறாது. முன்னேற்றம் நின்றால் விருப்பமும் குறையும்.

தடத்தையும் பாருங்கள். சென்னையின் தடம் பெரும்பாலும் சமதளம். மும்பையில் முழு மாரத்தான் ஓடுகிறவர், கால்கள் ஓய்ந்துபோகும் கடைசிப் பகுதியில் பெடர் சாலை ஏற்றத்தைச் சந்திக்க வேண்டும். மெரினாவில் மட்டுமே ஓடிப் பழகியவர் மும்பையைத் தேர்ந்தெடுத்தால், வாரம் ஒரு முறை மேம்பாலத்தில் ஏறி இறங்கும் பயிற்சியைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

4. பதிவு செய்வதற்கு உரிய நேரம்

எட்டு வார அடித்தளம் முடிந்து, பந்தயத்திற்கான பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய வாரமே பதிவுக்குச் சரியான நேரம். அப்போது செய்யும் பதிவு, ஏற்கெனவே இருக்கும் பழக்கத்திற்கு ஒரு நாளையும் திசையையும் தருகிறது. இடங்கள் விரைவில் நிரம்பும் பந்தயங்களுக்கு முன்னரே பதிவு செய்ய நேர்ந்தால், அடித்தள ஓட்டத்தையும் அதற்கேற்ப முன்னுக்கு நகர்த்துங்கள்.

மும்பை போன்ற பெரிய பந்தயங்களில் முழு மாரத்தானுக்கு முந்தைய பந்தயம் ஒன்றின் நேரச் சான்றிதழ் கேட்கிறார்கள். எனவே அங்கே ஓட விரும்புகிறவர் ஓராண்டுக்கு முன்பே ஓர் அரை மாரத்தானைத் திட்டமிட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் நண்பர்கள் அடுத்தடுத்துப் பெயர் கொடுக்கும் இரவில் பதிவு செய்யாதீர்கள். மூன்று நாள் பொறுத்து, நோட்டுப் புத்தகத்தின் கடைசி நான்கு வாரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விருப்ப மதிப்பெண் பெரும்பாலும் மூன்றுக்குக் கீழே இருந்தால், அந்தக் களைப்பைப் பதிவுக் கட்டணம் போக்காது.

கட்டிய பணத்தை அன்றே செலவாகிவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பந்தயங்களில் பணம் திரும்பக் கிடைக்காது. பிப்பை, அதாவது மார்பில் குத்தும் பந்தய எண் அட்டையை, இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. காயத்தோடு தொடக்கக் கோட்டில் நிற்பவர்களில் பலர் "பணம் வீணாகிவிடுமே" என்றுதான் வந்திருக்கிறார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வரப்போவதில்லை. காயத்தோடு ஓடினால் அடுத்த மூன்று மாதமும் அதோடு போய்விடும்.

5. மூன்று அடுக்காக இலக்கு வையுங்கள்

ஒரே ஓர் எண்ணை மட்டும் இலக்காக வைத்தவர், அதை ஒரு நிமிடத்தில் தவறவிட்டாலும் பல மாத உழைப்பையே தோல்வியாகக் கருதிவிடுகிறார். பந்தயத்திற்குப் பின் ஓட்டத்தை விட்டுவிடுகிறவர்களில் இவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

வட்டமான எண்களின் பிடி வலுவானது. ஏறக்குறைய ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு, மூன்று, மூன்றரை, நான்கு மணி நேரம் போன்ற எல்லைகளுக்குச் சற்று முன்னால் ஓட்டக்காரர்கள் குவிந்திருப்பதைக் காட்டியது. நான்கு மணி நேரத்திற்கு ஒரு நிமிடம் குறைவாக ஓடியவருக்கும் ஒரு நிமிடம் கூடுதலாக ஓடியவருக்கும் உடல் தகுதியில் வேறுபாடு இல்லை. மனநிலையில் மட்டும் பெரிய வேறுபாடு உண்டாகிறது. அதனால் எண்ணை ஆசையிலிருந்து எடுக்காமல், அண்மையில் ஓடிய ஓட்டத்திலிருந்து கணக்கிட்டு எடுக்க வேண்டும்.

கணக்கிட, ஓட்டக்காரரும் பொறியாளருமான பீட் ரீகலின் வாய்பாடு போதும்: புதிய தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். 10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் முடித்தவருக்கு அரை மாரத்தான் ஏறத்தாழ 2 மணி 12 நிமிடம் என்று வருகிறது. நீண்ட தூரத்திற்கான பயிற்சியும் ஒத்த தட்பவெப்பமும் இருந்தால்தான் இது பொருந்தும். முழு மாரத்தானுக்கு இந்த வாய்பாடு புதியவர்களுக்குப் பெரும்பாலும் அதிகமான நம்பிக்கையைத் தருகிறது என்பதால், அங்கே சில நிமிடங்களைக் கூட்டிக்கொள்வது நல்லது.

அதே ஓட்டக்காரரின் மூன்று இலக்குகள் இப்படி அமையலாம். காலை குளிராக இருந்து எல்லாம் கூடி வந்தால் 2 மணி 10 நிமிடம். இயல்பான நாளில் 2 மணி 15 நிமிடம்; அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. எந்த நாளிலும் தன் கையில் இருக்கும் மூன்றாவது இலக்கு, முதல் 5 கிலோமீட்டரைத் திட்டமிட்டதை விட வேகமாக ஓடாமல் இருப்பதும், தண்ணீர் மேசை எதையும் தவிர்க்காமல் இருப்பதும். இந்த மூன்றாவது இலக்கை அலட்சியம் செய்யாதீர்கள். வெயிலும் ஈரப்பதமும் முதல் இரண்டையும் பறித்துக்கொண்ட நாளில், "எடுத்த வேலையைச் செய்து முடித்தேன்" என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்ள இதுவே இடம் தருகிறது. அடுத்த வாரம் காலணியை எடுக்க வைப்பதும் இதுதான்.

6. நடுவில் ஒரு சிறு பந்தயம்

முக்கியப் பந்தயத்திற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்னதாக, அதை விடக் குறைந்த தூரத்தில் ஒரு பந்தயம் ஓடுங்கள். 16 வாரம் என்பது மனத்திற்கு மிக நீண்ட காலம். இலக்கு நெருங்க நெருங்கத்தான் முயற்சி கூடுகிறது. நடுவில் ஒரு சிறு எல்லை இருந்தால், சோர்வு தட்டும் எட்டாவது, ஒன்பதாவது வாரங்களைக் கடந்துவிடலாம். உணவு, காலணி, அதிகாலைக் கழிவறை ஏற்பாடு எல்லாவற்றிற்கும் அது ஒத்திகையாகவும் அமையும். உள்ளூரில் பந்தயம் கிடைக்காவிட்டால், ஓட்டக் குழுவோடு சேர்ந்து 10 கிலோமீட்டரைக் கடிகாரம் வைத்து ஓடினாலும் போதும்.

இங்கே வரும் பிழை, அந்த ஒரு நாளின் வேகத்தை மற்ற நாட்களுக்கும் கொண்டுவருவது. சிறு பந்தயம் நன்றாக அமைந்துவிட்டால், மறுவாரத்து எளிய ஓட்டங்களும் போட்டியாகிவிடுகின்றன. ஸ்ட்ராவாவில் பக்கத்துத் தெருக்காரரின் நேரத்தை முந்தும் ஆசை அதற்குத் தூபம் போடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓடுங்கள். எளிய ஓட்டம் எளிதாக இருந்தால்தான் கடினமான நாளில் கடினமாக ஓடத் தெம்பும் விருப்பமும் மிஞ்சியிருக்கும்.

7. மழையில் தவறும் ஓட்டங்கள்

நவம்பரில் புயல் வரும். நீண்ட ஓட்டம் ஒன்றோ இரண்டோ தவறும். தேங்கிய நீருக்கு அடியில் திறந்த பள்ளமும் அறுந்த மின்கம்பியும் இருக்கக்கூடும் என்பதால், வெள்ளம் நிற்கும் சாலையில் ஓடவே கூடாது.

தவறிய ஓட்டத்தை விட்டுவிடுங்கள். அதை அடுத்த வாரத்தின் மேல் ஏற்ற வேண்டாம். 26 கிலோமீட்டர் தவறியதற்காகப் புதன்கிழமை 20-உம் ஞாயிற்றுக்கிழமை 30-உம் ஓடுகிறவர், உடற்தகுதியைக் கூட்டுவதை விடப் பதற்றத்தைத் தணிக்கவே ஓடுகிறார். பதினாறு வாரத்தில் இரண்டு ஓட்டங்கள் போனால் நேரத்தில் பெரிய மாற்றம் இராது. அவற்றை ஈடுகட்டப் போய் வரும் காயம் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளும்.

8. கடைசி இரண்டு வாரம்

டேப்பர் எனப்படும் இக்காலத்தில் ஓட்டத்தின் மொத்த அளவைப் படிப்படியாக ஏறக்குறைய பாதியாகக் குறையுங்கள். வேகமான சிறு ஓட்டங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். அளவு குறைவதால் களைப்பு நீங்குகிறது. வேகம் தொடர்வதால் கால்கள் மந்தமாவதில்லை.

இந்த நாட்களில் இல்லாத வலிகள் தோன்றும், தூக்கம் கலையும், "போதிய பயிற்சி செய்யவில்லை" என்ற எண்ணம் வரும். ஓட்டம் குறைந்ததால் மிஞ்சும் சக்தியும் கவலையும் சேர்ந்து இப்படி வெளிப்படுகின்றன. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து முடித்த ஓட்டங்களைப் படியுங்கள். புதிதாக ஒரு கடின ஓட்டத்தைச் சேர்க்காதீர்கள்.

இதே இரண்டு வாரங்களுக்குள், பந்தயத்திற்குப் பிந்தைய நான்கு வாரத் திட்டத்தையும் எழுதிவிடுங்கள். முடிந்த பின் எழுதலாம் என்று விட்டால், அப்போது மனம் மகிழ்ச்சியின் உச்சியிலோ வெறுமையிலோ இருக்கும். இரண்டும் திட்டமிட ஏற்ற நிலைகள் அல்ல.

9. பந்தய நாள்

புதிய காலணி, புதிய உணவு, ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் புதிய ஜெல் எதுவும் வேண்டாம். முதல் கால் பகுதியை, மெதுவாக ஓடுகிறோமோ என்ற ஐயம் வரும் அளவுக்கு அடக்கி ஓடுங்கள். கடைசிக் கட்டத்தில் மற்றவர்களைக் கடந்து செல்பவர் அடுத்த பருவத்திற்கான ஆசையோடு வீடு திரும்புவார். முடித்தவுடன் நேரத்தைக் குழுவில் பகிர்வதற்கு முன்னால், மூன்று இலக்குகளில் எவை நிறைவேறின என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். மற்றவர்களின் நேரங்கள் திரையில் வரத் தொடங்கிய பின் உங்கள் ஓட்டத்தை உங்கள் கண்ணால் பார்ப்பது கடினம்.

10. பந்தயத்திற்குப் பிந்தைய நான்கு வாரம்

ஊக்கம் காப்பாற்றப்படுவதும் தொலைவதும் இந்த வாரங்களில்தான். பல மாதங்களாக எழுந்ததற்கும் உண்டதற்கும் தூங்கியதற்கும் காரணமாக இருந்த நாள் கடந்துவிட்டதால், வெற்றிகரமாக ஓடியவர்களுக்கும் ஒரு வெறுமை வருகிறது. அது சோம்பலால் வருவதன்று. அதைக் குற்றமாக எண்ணி உடனே கடுமையாக ஓடத் தொடங்குவதும், அதை அறிகுறியாக எண்ணி ஓட்டத்தையே விடுவதும் தவறு.

முதல் வாரம் ஓட வேண்டாம். முழு மாரத்தான் என்றால் பத்து நாள் வரை நீட்டுங்கள். நடக்கலாம், நீந்தலாம். ஓய்வு எந்த நாளில் முடிகிறது என்பதை நாள்காட்டியில் எழுதியிருக்க வேண்டும். தேதி இல்லாத ஓய்வு, பொங்கல் விடுமுறையோடு கலந்து மாதக்கணக்கில் நீள்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தத் தேதியில் நண்பர் ஒருவருடன் 4 அல்லது 5 கிலோமீட்டர் ஓடுவதாக முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். தனியாகத் திரும்புவதை விட, ஒருவர் காத்திருக்கிறார் என்பதற்காகத் திரும்புவது எளிது.

இரண்டாவது வாரத்தில் பந்தயத்தை ஒரே பக்கத்தில் மதிப்பிடுங்கள்: பயிற்சியில் எது பயன்பட்டது, எதை மாற்ற வேண்டும், எந்த நாட்களில் விருப்பம் அதிகமாக இருந்தது. மூன்றாவது கேள்விக்கான விடை அடுத்த திட்டத்திற்கு மிக முக்கியம். குழுவாக ஓடிய நாட்களில் உயர்ந்தும் தனி ஓட்டங்களில் தாழ்ந்தும் இருந்தால், அடுத்த பருவத்தில் தனி ஓட்டங்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரங்களில் அடுத்த பந்தயத்திற்குப் பதிவு செய்யக் கூடாது. நன்றாக ஓடியவர் அந்த மகிழ்ச்சியை நீட்டிக்க மூன்று வாரம் கழித்து இன்னொரு அரை மாரத்தானைத் தேர்ந்தெடுக்கிறார். சரியாக ஓடாதவர் பழியைத் தீர்த்துக்கொள்ள அதையே செய்கிறார். இருவரின் தசைகளும் இன்னும் ஆறியிருக்காது. ஏமாற்றத்தோடு போகிறவருக்கு இரண்டாவது ஏமாற்றமும் வந்தால், அதிலிருந்து மீளப் பல மாதங்கள் தேவைப்படுகின்றன.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் வேகப் பயிற்சி இல்லாமல், பழைய அளவில் பாதி ஓடுங்கள். விருப்ப மதிப்பெண் தொடர்ந்து பத்து நாள் நான்கைத் தொட்டால், அடுத்த பந்தயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அப்போதும் அதே தூரத்தை மீண்டும் எடுக்காமல், வேறு தூரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஜனவரியில் மாரத்தான் ஓடியவர் ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் 10 கிலோமீட்டர் ஓடினால், வேகத்தைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். கற்பதற்கு ஏதேனும் இருக்கும்வரை பயிற்சி சலிப்பதில்லை.

11. பந்தயமில்லாப் பருவம் யாருக்குத் தேவை

சிலருக்குப் பந்தயமே ஊக்கத்தைக் கெடுக்கிறது. பதிவு செய்த நாள் முதல் தூக்கம் குறைவது, ஓய்வில் இருக்கும்போதும் இதயத் துடிப்பு வழக்கத்தை விட உயர்ந்திருப்பது, எளிய ஓட்டத்தைக் கூட மற்றவர் பார்ப்பார்களே என்று வேகமாக ஓடுவது, நான்கு வாரத்திற்கு மேல் விருப்ப மதிப்பெண் இரண்டிலேயே நிற்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். இவற்றில் இரண்டு இருந்தால் அடுத்த மூன்று, நான்கு மாதங்களுக்குப் பந்தயம் வேண்டாம். உடல் அறிகுறிகள் நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள்.

1973-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில், வரைந்தால் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் பின்னர் தாமாக வரைவது குறைந்துவிட்டது. பெரியவர்களின் ஓட்டத்திற்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், பதக்கம் இல்லாத காலையில் ஓட மனம் வராதவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது.

பந்தயமில்லாப் பருவத்தில் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. கோடையின் ஏப்ரல் முதல் ஜூன் வரை இதற்கு மிகப் பொருத்தம்; அந்த வெயிலில் நல்ல நேரம் வராது, வராததை எண்ணி வருந்தவும் தேவையில்லை. ஏதேனும் ஒரு பந்தயத்தில் தண்ணீர் மேசையில் நின்று உதவுங்கள். முதன்முறை 10 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்குத் துணையாக அவருடைய வேகத்திலேயே ஓடுங்கள். மீண்டும் பந்தயத்திற்குத் திரும்பும்போது, பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானைப் போலப் பரிசுகளுக்கு இடம் தராத ஓட்டத்தை முதலாவதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் நான்கு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்து, மதிப்பெண் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்த பிறகு அடுத்த பதிவைச் செய்யுங்கள்.